ஒன்றைப் பாதியாக்கிக்கொண்டே போனால் எப்போது பூஜ்யமாகும்?

சயன்டிபிக் கால்குலேட்டர் ஒன்று கையில் கிடைத்தால் இதைச் செய்து பாருங்கள். 1 என்ற எண்ணைப் போட்டு, அதைப் பத்தால் வகுத்துக்கொண்டே போங்கள். 0.1, 0.01, 0.001 என்று விடை சிறுத்துக்கொண்டே போகும். சற்று நேரத்தில் கருவி அதைப் பத்தின் அடுக்காகக் காட்டத் தொடங்கும். பெரும்பாலான பள்ளிக் கால்குலேட்டர்களில் 10⁻⁹⁹ வரை ஒழுங்காக வரும். நூறாவது முறை வகுத்ததும் திரையில் 0 வந்து நிற்கும். கணிதப்படி இது தவறு அல்லவா? பூஜ்யமல்லாத ஓர் எண்ணைப் பத்தால் எத்தனை முறை வகுத்தாலும் பூஜ்யம் வராது. கருவிக்குள் அதைவிடச் சிறிய எண்ணை எழுத இடமில்லை. ஆகவே அது கைவிட்டுவிட்டது.

இதே சோதனையைக் கணிப்பொறியிலும் செய்யலாம். கணிப்பொறி இரண்டின் அடுக்குகளில் எண்ணுவதால், பத்தால் வகுப்பதற்குப் பதிலாக இரண்டால் வகுப்போம். பைத்தான் என்னும் நிரல்மொழியில் நான்கு வரி போதும். 1-ஐ எடுத்துக்கொள், அது பூஜ்யமாகாத வரை பாதியாக்கு, ஒவ்வொரு தடவையும் ஒன்று எண்ணு, முடிவில் எண்ணிக்கையைக் காட்டு. விடை 1075. இன்டெல் செயலியானாலும் சரி, ஆப்பிள் செயலியானாலும் சரி, விடை 1075 தான்.

இப்போது விந்தையைக் கேளுங்கள். 2022-இல் சில லினக்ஸ் கணிப்பொறிகளில், இந்த நிரலின் தலைப்பில் ஒரே ஒரு வரி கூடுதலாகச் சேர்த்தால் விடை 1023 என்று மாறியது. சேர்த்த வரி கணக்குச் சம்பந்தப்பட்டதே அன்று. வலைத் தொடர்புகளைக் கையாளும் ஜீவெண்ட் என்ற நிரல் நூலகத்தை ஏற்று என்பதுதான் அந்த வரி. (பிறர் எழுதி வைத்த நிரல்களின் தொகுப்பை நூலகம் என்கிறோம், வேண்டியதை நம் நிரலோடு ஏற்றிப் பயன்படுத்திக்கொள்ளலாம்.) நம் நிரல் அந்த நூலகத்தைப் பயன்படுத்தவே இல்லை. ஏற்றியதோடு சரி. அப்படியிருந்தும் 52 படிகள் காணாமற் போயின!

அவை எங்கே போயின என்று துப்புத் துலக்குவோம். அதற்கு முதலில் கணிப்பொறி ஒரு பின்ன எண்ணை எப்படி எழுதி வைக்கிறது என்று தெரிய வேண்டும்.

ஒரு பொம்மைக் கணிப்பொறி

பூமியின் நிறை 5.97 × 10²⁴ கிலோகிராம் என்று பௌதிகப் புத்தகத்தில் எழுதுகிறோம். முன்னால் சில இலக்கங்கள், பின்னால் ஓர் அடுக்கு. கணிப்பொறியும் இவ்வாறே எழுதுகிறது. பத்துக்குப் பதில் இரண்டு, அவ்வளவே. இதற்கு மிதவைப் புள்ளி முறை என்று பெயர்.

மிகச் சிறிய பொம்மைக் கணிப்பொறி ஒன்றை மனத்தில் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதில் மூன்று இலக்கங்களும் ஓர் அடுக்கும் எழுதத்தான் இடமுண்டு. முதல் இலக்கம் பூஜ்யமாக இருக்கக் கூடாது. அடுக்கு −9-க்குக் கீழே போகக் கூடாது. அப்படியானால் அது எழுதக்கூடிய மிகச் சிறிய எண் 1.00 × 10⁻⁹ ஆகும்.

அ = 1.25 × 10⁻⁹ என்க. ஆ = 1.10 × 10⁻⁹ என்க. இரண்டும் வெவ்வேறு எண்கள். கழித்துப் பாருங்கள். விடை 0.15 × 10⁻⁹. இதை எழுத வேண்டுமானால் 1.50 × 10⁻¹⁰ என்று எழுத வேண்டும். −10 என்ற அடுக்குக்கோ இடமில்லை. எனவே பொம்மைக் கணிப்பொறி பூஜ்யம் என்று எழுதிவிடும்.

இதில் உள்ள ஆபத்தைக் கவனித்தீர்களா? அ-வும் ஆ-வும் சமமில்லை. ஆனால் அ − ஆ பூஜ்யம். 'இரண்டும் சமமில்லை என்றால் அவற்றின் வித்தியாசத்தால் வகு' என்று எவ்வளவு கவனமாக நிரல் எழுதினாலும், அது பூஜ்யத்தால் வகுக்கும். ஏழாம் வகுப்பிலிருந்து நாம் நம்பி வந்த இயற்கணிதமே இங்கே காலை வாரிவிடுகிறது.

இதற்கு ஓர் அழகான பரிகாரம் உண்டு. விதியை ஒரே ஓர் இடத்தில் தளர்த்துவோம். அடுக்கு −9 ஆக இருக்கும்போது மட்டும் முதல் இலக்கம் பூஜ்யமாக இருக்கலாம். இப்போது 0.15 × 10⁻⁹ என்பதை அப்படியே எழுதலாம். 0.01 × 10⁻⁹ வரை கீழே போகலாம். இலக்கங்கள் குறைவதால் துல்லியம் குறையும், உண்மைதான். ஆனால் பொம்மைக் கணிப்பொறியின் எண்கள் எல்லாமே 0.01 × 10⁻⁹ என்பதன் மடங்குகள்தாம். ஆகவே வெவ்வேறான இரண்டு எண்களின் வித்தியாசம் அந்த அளவுக்காவது இருக்கும், ஒருபோதும் பூஜ்யமாகாது. இயற்கணிதம் பிழைத்தது!

இப்படி வாசற்படிக்குக் கீழே வாழும் எண்களை ஆங்கிலத்தில் சப்நார்மல் என்பார்கள். நாம் சிற்றெண்கள் என்று அழைப்போம்.

உண்மையான கணிப்பொறிக்கு வருவோம். அங்கே ஓர் எண்ணுக்கு 64 பிட்டுகள்: குறிக்கு 1, அடுக்குக்கு 11, பின்னப் பகுதிக்கு 52. சிற்றெண் அல்லாத எண்ணின் மிகக் குறைந்த அளவு 2⁻¹⁰²², அதாவது ஏறத்தாழ 2.2 × 10⁻³⁰⁸. அதற்குக் கீழே 52 பிட் ஆழத்துக்குச் சிற்றெண்கள். மிகச் சிறியது 2⁻¹⁰⁷⁴, ஏறத்தாழ 4.9 × 10⁻³²⁴. இப்போது நம் சோதனையின் விடை விளங்குகிறதா? 1-ஐ 1074 முறை பாதியாக்கினால் கடைசிச் சிற்றெண் வரும். 1075-ஆம் முறை பூஜ்யம். சிற்றெண்களே இல்லாத கணிப்பொறியாக இருந்தால் 1022 முறையோடு வாசற்படி வந்துவிடும். 1023-ஆம் முறை பூஜ்யம். காணாமற் போன 52 படிகளும் 52 பின்ன பிட்டுகளே.

ஆகவே நம் துப்பு இது: ஜீவெண்ட்டை ஏற்றியதும் கணிப்பொறி சிற்றெண்களை மறந்துவிட்டது.

சிற்றெண்களுக்காக நடந்த சண்டை

சிற்றெண்கள் சுலபமாக வந்துவிடவில்லை. 1970-களின் இறுதியில் ஒவ்வொரு கணிப்பொறிக் கம்பெனியும் தனக்குத் தோன்றியபடி எண்களை எழுதி வந்தது. ஒரு கம்பெனியின் கணிப்பொறியில் சரியாக ஓடிய நிரல் வேறொன்றில் தவறான விடை தரும். எல்லோருக்கும் பொதுவான விதி வேண்டும் என்று ஐ.இ.இ.இ. என்ற பொறியாளர் சங்கத்தின் குழு கூடியது. கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பித்த வில்லியம் கஹான் என்ற கனடா நாட்டவர் அதில் முக்கியமானவர். இன்டெல் கம்பெனி 1980-இல் வெளியிட்ட 8087 என்ற கணக்குச் சில்லுக்கும் அவர்தான் ஆலோசகர். சிற்றெண்கள் அவசியம் வேண்டும் என்று அவர் வாதாடினார்.

டி.இ.சி. என்ற பெரிய கம்பெனி எதிர்த்தது. அதன் வாக்ஸ் கணிப்பொறிகளில் வாசற்படிக்குக் கீழே போனால் பூஜ்யம்தான். சிற்றெண்களைக் கையாளும் மின்சுற்று சிக்கலானது, வேகத்தைக் கெடுக்கும் என்பது அவர்கள் வாதம். தங்கள் கட்சியை நிரூபிப்பதற்காக, பிழைக் கணிதத்தில் வல்லவரான ஜி. டபிள்யூ. ஸ்டூவர்ட் என்பவரை ஆராய்ந்து சொல்லுமாறு கேட்டுக்கொண்டார்கள். 1981-இல் அவர் தம் முடிவைச் சொன்னபோது, சிற்றெண்கள் இருப்பதே சரி என்றார்! வேலை கொடுத்தவருக்கு எதிராகவே தீர்ப்புச் சொல்ல நல்ல நெஞ்சுரம் வேண்டும். 1985-இல் ஐ.இ.இ.இ. 754 என்ற விதித் தொகுப்பு சிற்றெண்களோடு வெளிவந்தது. கஹானுக்கு 1989-இல் டூரிங் பரிசு கிடைத்தது.

ஆனால் டி.இ.சி. கம்பெனியார் வேகத்தைப் பற்றிச் சொன்னது முழுப் பொய் அன்று. பல இன்டெல் செயலிகளில் ஒரு பெருக்கல் நான்கைந்து துடிப்புகளில் முடிந்துவிடும். சிற்றெண் குறுக்கிட்டால் நூறு துடிப்புக்கு மேலும் ஆகலாம். இசை நிரல் எழுதுபவர்களுக்கு இது பெரிய தலைவலி. எதிரொலி உண்டாக்கும் நிரலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒலி ஒவ்வொரு சுற்றிலும் சிறிது சிறிதாகத் தேய்கிறது. ஆனால் பூஜ்யத்தை எட்டுவதில்லை. பாட்டு நின்ற பிறகு, காதில் எதுவும் விழாத நேரத்தில், கணிப்பொறி சிற்றெண்களோடு மல்லுக்கட்டித் திணறும். காதுக்கு எட்டாத ஒலிக்கு இத்தனை உழைப்பு எதற்கு?

இவர்களுக்காகச் செயலிக்குள் இரண்டு சுவிட்சுகள் வைத்திருக்கிறார்கள். ஒன்று, விடை சிற்றெண்ணாக வந்தால் பூஜ்யமாக்கு. மற்றொன்று, உள்ளே வரும் சிற்றெண்ணையும் பூஜ்யமாகவே கொள். இன்டெல் வகைச் செயலியில் இவை எம்.எக்ஸ்.சி.எஸ்.ஆர். என்ற கட்டுப்பாட்டுப் பதிவேட்டில் இருக்கின்றன. பதிவேட்டில் வழக்கமாக இருக்கும் எண் 8064. முதல் சுவிட்சின் மதிப்பு 32768, இரண்டாவதன் மதிப்பு 64. இரண்டையும் போட்டால் 40896 ஆகும். கூட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

சுவிட்சைப் போட்டது யார்?

சந்தையில் வெங்காய வியாபாரியும் பொன் தட்டாரும் ஒரே தராசைப் பகிர்ந்துகொள்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வெங்காயக்காரருக்கு முள் சதா ஆடிக்கொண்டிருப்பது தொந்தரவு. பத்து கிராமுக்குக் குறைந்த எடையைக் கண்டுகொள்ளாதபடி ஒரு திருகாணியை இறுக்கிவிட்டுப் போகிறார். அவர் வியாபாரத்துக்கு அதனால் குறையில்லை. அடுத்து வந்த தட்டார் நான்கு கிராம் மோதிரத்தை வைக்கிறார். முள் அசையவில்லை. தட்டார் மோதிரத்தைச் சந்தேகிப்பார், தம் கண்ணைச் சந்தேகிப்பார், வெங்காயத்தை நினைப்பாரா?

நம் கதையில் தராசு என்பது செயலியின் கட்டுப்பாட்டுப் பதிவேடு. ஒரே நிரலோடு ஏற்றப்படும் நூலகங்கள் எல்லாம் அதைப் பகிர்ந்துகொள்கின்றன. திருகாணியை இறுக்கிய விதம்தான் விசித்திரமானது.

நாம் எழுதும் நிரலைச் செயலியின் மொழிக்கு மாற்றித் தருவது கம்பைலர். ஜி.சி.சி. என்பது உலகெங்கும் பயன்படும் இலவசக் கம்பைலர். 'துல்லியம் கொஞ்சம் போனாலும் பரவாயில்லை, வேகம் வேண்டும்' என்று சொல்ல அதில் ஃபாஸ்ட்-மேத் என்ற விருப்பக் கட்டளை உண்டு. இதன் விளைவுகளில் பெரும்பகுதி, அந்தக் கட்டளையோடு மாற்றப்பட்ட நிரலோடு முடிந்துவிடும். ஆனால் ஒன்று மட்டும் அப்படி முடியாது. ஒரு குட்டித் தொடக்க நிரலைக் கம்பைலர் தானாகவே ஒட்டிவிடும். ஏற்றப்பட்ட கணத்தில் அது ஓடி, நாம் சொன்ன இரண்டு சுவிட்சுகளையும் போட்டுவிட்டுப் போய்விடும்.

முழு நிரலையும் ஒருவரே எழுதியிருந்தால் அது அவர் பாடு. ஆனால் நூலகத்திலும் அதே குட்டி நிரல் ஒட்டப்பட்டது. நூலகம் எழுதியவர் தம் வீட்டுக்குள் விளக்கை அணைப்பதாக நினைத்தார். தெரு விளக்கே அணைந்துவிட்டது. லினக்ஸில் 64 பிட் இன்டெல் வகைச் செயலிகளுக்கென்று எழுதி வைத்த பொது ஒப்பந்தம் ஒன்று உண்டு. அழைக்கப்பட்ட நிரற்கூறு இந்தச் சுவிட்சுகளை எப்படிக் கண்டதோ அப்படியே திருப்பித் தர வேண்டும் என்கிறது அது. ஒப்பந்தத்தை மீறியவர் நூலக ஆசிரியர் அல்லர். அவருக்காகக் கம்பைலர் மீறியது.

துப்புத் துலக்கும் முறை

2022-இல் இதைத் துருவி ஆராய்ந்தவர் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் கணிப்பொறிப் பாதுகாப்புத் துறையில் இருந்த பிரெண்டன் டோலன் கேவிட். அவர் கண்ணில் முதலில் பட்டது ஓர் எச்சரிக்கை. நம்பை என்ற பெயர்பெற்ற கணித நூலகம், 'மிகச் சிறிய சிற்றெண்ணின் மதிப்பு பூஜ்யமாக இருக்கிறது' என்று முறையிட்டது. குரல் கொடுத்தவனையே குற்றவாளி என்று எண்ணுவது மனித சுபாவம். நம்பையைத் திருத்துவதில் இறங்கியிருந்தால் ஆயுள் முழுதும் தேடியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யாமல், கூட ஏற்றப்பட்ட நூலகங்களின் பக்கம் திரும்பினார். ஜீவெண்ட்டில் வந்து நின்றார். பிறகு பைத்தான் கிடங்கில் உள்ள நூலகங்களைப் பெருமளவில் இறக்கி, வேறு எவற்றிலெல்லாம் அந்தக் குட்டி நிரல் ஒளிந்திருக்கிறது என்றும் தேடிப் பார்த்தார்.

உங்கள் நிரல் 40 நூலகங்களை ஏற்றுகிறது, விடை பிழையாக வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றாகச் சோதித்தால் 40 சோதனைகள் ஆகலாம். அகராதியில் சொல் தேடுவது போலச் செய்யுங்கள். 20 நூலகங்களை மட்டும் ஏற்றிப் பாதியாக்கும் சோதனையை நடத்துங்கள். 1023 வந்தால் குற்றவாளி இந்த இருபதில். 1075 வந்தால் மற்ற இருபதில். அடுத்து 10, பிறகு 5. ஆறு சோதனைகளுக்குள் ஆள் அகப்பட்டுவிடுவான், ஏனெனில் 2⁶ = 64, அது 40-ஐ விடப் பெரிது.

ஆனால் சில எச்சரிக்கைகள். ஒவ்வொரு சோதனைக்கும் நிரலைப் புதிதாகத் தொடங்க வேண்டும். போட்ட சுவிட்ச் தானாக அணையாது. அகப்பட்ட நூலகம் தானே குற்றம் செய்யாமல், தன்னோடு வேறொன்றை அழைத்து வந்திருக்கலாம். அதன் துணை நூலகங்களையும் பிரித்துப் பார்க்க வேண்டும். குற்றவாளிகள் இருவராக இருந்தால் இரண்டு பாதியிலும் 1023 வரலாம். அப்போது குழம்ப வேண்டாம். ஒருவனைப் பிடித்து விலக்கிவிட்டு மறுபடி தேடுங்கள்.

இந்தப் பிழை ஆளைப் பார்த்து வேடம் மாறும். ஆப்பிள் கணிப்பொறியில் ஆப்பிளின் கம்பைலரும், விண்டோஸில் மைக்ரோசாஃப்ட் கம்பைலரும் அந்தக் குட்டி நிரலை ஒட்டுவதில்லை. ஆகவே அதே நிரல், அதே நூலகம், நண்பரின் ஆப்பிளில் 1075. உங்கள் லினக்ஸில் 1023. 'என்னிடம் சரியாக வருகிறதே' என்று நண்பர் சொன்னால் பொய்யென்று கோபிக்க வேண்டாம்.

இன்னும் ஒரு வேடம் உண்டு. பெரிய நிரல்கள் பல இழைகளாகப் பிரிந்து ஒரே சமயத்தில் வேலை செய்யும். சுவிட்சுகள் ஒவ்வோர் இழைக்கும் தனித்தனி. லினக்ஸில் புதிய இழை, தன்னைத் தொடங்கிய இழையின் சுவிட்சுகளைப் பிறவியிலேயே வாங்கிக்கொள்ளும். நூலகம் ஏறுவதற்கு முன்பே பிறந்த இழைகள் சரியாகக் கணக்கிடும். பின்பு பிறந்தவை சிற்றெண்களை மறந்திருக்கும். ஏற்றும் வரிசையை மாற்றினால் விடை மாறும். என்னைக் கேட்டால், இந்த வேடம்தான் எல்லாவற்றிலும் பொல்லாதது.

சிற்றெண் போனால் குடிமுழுகிப் போகுமா என்று கேட்கலாம். 0.01 என்ற நிகழ்தகவை 160 முறை பெருக்கினால் 10⁻³²⁰. சிற்றெண் இருந்தால் அது ஓர் எண், இல்லாவிட்டால் பூஜ்யம். அதற்கு மடக்கை எடுத்தால் கணக்கே சிதறிவிடும். மடக்கைகளை முதலிலேயே கூட்டி வந்திருந்தால் இந்த வம்பு இல்லை. நல்ல நிரலாளர் அப்படித்தான் எழுதுவார். ஆனாலும், நேற்றுவரை சரியாக ஓடிய நிரல் வலைத் தொடர்பு நூலகம் ஒன்றால் கெட்டுப்போவது நியாயமாகாது.

பழைய 32 பிட் விண்டோஸ் நிரல்களில் இதன் அண்ணன் இருந்தான். 2002-இல் வந்த டைரக்ட்3டி 9, அதற்கு முந்திய சில பதிப்புகள் ஆகியவை விளையாட்டுப் படங்களை வரையும் நூலகங்கள். தடுத்துச் சொல்லாவிட்டால், அவை தொடங்கியதும் பழைய கணக்குப் பகுதியின் துல்லியத்தை 24 பிட்டாகக் குறைத்துவிடும். அதன்பின் 16777216-உடன் 1 கூட்டினால் 16777216 தான் வரும்! 2²⁴ எவ்வளவு என்று பாருங்கள், காரணம் தெரியும்.

ஜி.சி.சி. பிழையைப் பற்றிய முறையீடு 2012-இலேயே பதிவாயிற்று. பத்தாண்டுகளுக்கு மேல் அது உறங்கியது. 2023-இல் வெளிவந்த 13-ஆம் பதிப்பிலிருந்து, நூலகம் தயாரிக்கும்போது அந்தக் குட்டி நிரல் ஒட்டப்படுவதில்லை. ஜீவெண்ட்டும் திருத்தப்பட்டுவிட்டது. ஆனால் பழைய கம்பைலரால் ஆக்கப்பட்ட நூலகக் கோப்பு எங்காவது இருந்தால், அதை ஏற்றும் அன்று சுவிட்ச் விழத்தான் செய்யும்.

செய்து பாருங்கள்: 32 பிட்டுகளில் எழுதும் ஒற்றைத் துல்லிய எண்ணும் உண்டு. அதன் பின்னப் பகுதிக்கு 23 பிட்டுகள், வாசற்படி 2⁻¹²⁶. இந்த வகை எண்ணில் 1-ஐப் பாதியாக்கிக்கொண்டே போனால், சிற்றெண்கள் இருக்கும்போது எத்தனையாவது முறை பூஜ்யம் வரும்? இல்லாதபோது எத்தனையாவது முறை? முதலில் தாளில் கணக்கிடுங்கள். பிறகு பள்ளிக் கணிப்பொறியில் சரிபாருங்கள்.

விடை: 150, 127.